வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்த நொடி எது? கொங்குப் பக்கத்துக்காரங்க சொல்லுங்க

தறிச்சத்தம் (தாரமங்கலம் பக்கம்) | இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம்ம பக்கத்தில் வேலை நிற்பது லேசான விஷயம் இல்லை. எங்க வீதியில் நோம்பி (பண்டிகை), சாவு, கரண்ட் போவது, இந்த மூன்றுக்குத்தான் தறி நிற்கும். காய்ச்சல் வந்தால்கூட ஆள் மாற்றி ஓட்டிவிடுவோம். அப்படியிருக்க, டிவியிலோ செல்போனிலோ ஒன்றைப் பார்ப்பதற்காக நீங்களே கையால் வேலையை நிறுத்தின நொடி உண்டா? ஒரு பத்து வருஷத்துக்குள் நடந்ததாக இருக்கட்டும். விளையாட்டுதான் என்றில்லை, எதுவாகவும் இருக்கலாம்.

என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 2, புதன்கிழமை. கான்பெராவில் ஆஸ்திரேலியாவோடு மூன்றாவது ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்கு ஆடிய முதல் ஆட்டம் அது. அவருடைய அப்பா தறி ஓட்டினவர், அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறி விற்றவர். பேப்பர்காரர்களுக்கு அது பெரிய செய்தி. எங்க வீதியில் பாதி வீடு அப்படித்தான்.

மதியம் ரெண்டு மணி இருக்கும். எங்க பட்டறையில் எட்டுத் தறி. அந்தச் சத்தத்தில் செல்போனைக் காதோடு ஒட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்காது, படம் மட்டும்தான் தெரியும். அய்யன், எங்க அப்பா, நூல் தார் மாற்றிக்கொண்டிருந்தார். "அய்யா, நடராஜன் கையில பந்தைக் குடுத்துட்டாங்க" என்று கத்தினேன். அவர் என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார். எட்டாவதும் நின்ற பிறகு வந்த அமைதியில் சுவர்ப்பல்லி கத்துவது கேட்டது. பிறந்ததிலிருந்து இருக்கிற பட்டறை அது. பகலில் அங்கே பல்லி கத்தி நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் லபுஷேன் அடித்த பந்து பேட்டில் பட்டு ஸ்டம்பில் விழுந்தது. முதல் விக்கெட். அய்யன் கை தட்டவில்லை. பஞ்சு ஒட்டின கையை லுங்கியில் துடைத்துவிட்டு, "மறுபடி போடு, பார்க்கலாம்" என்றார். மூன்று தடவை பார்த்தோம். தறியைப் பாதியில் நிறுத்தி எடுத்தால் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். அன்றைக்கு எட்டு பீஸிலும் கோடு. இன்று வரைக்கும் அய்யன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராகப் போனவர் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இறங்கினார். பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கினது 2021 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல் அன்றைக்கு. முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். 19ஆம் தேதி இந்தியா 328 ரன்னை விரட்டி ஜெயித்தது. 1988க்கு அப்புறம் அந்த மைதானத்தில் டெஸ்ட்டில் தோற்காமல் இருந்த ஆஸ்திரேலியா அன்றைக்குத் தோற்றது. ஊர் திரும்பினவரைக் குதிரை பூட்டின ரதத்தில் கூட்டிப்போனார்கள்.

ஆனால் எனக்கு விக்கெட்டைவிட மனசில் தங்கினது ஒரு பேட்டி. அந்தப் பயணத்தில் முரளி கார்த்திக் தமிழில் கேட்க, நடராஜன் தமிழிலேயே பதில் சொன்னார். இங்கிலீஷ் வராது என்பதற்காகவே இன்டர்வியூவுக்குப் போகாமல் தறிக்கு வந்த பையன்கள் எங்க ஊரில் எத்தனையோ பேர். நானும் அதில் ஒருத்தன். அன்றைக்கு ஆஸ்திரேலியா மைதானத்தில் நின்று ஒருத்தர் நம்ம பேச்சிலேயே பேசிவிட்டு வந்தார்.

உங்களுடையதைச் சொல்லுங்க.


ஓமலூரான் | இரவு 9:05

அண்ணா, நல்ல கேள்வி. நம்ம மாவட்டத்துக்காரர் இன்னொருத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். நம்ம ஊர் நேரத்துக்கு விடியாத நேரம். எங்க வீதியில் அதை நேரலையில் பார்த்த ஆள் ஒருத்தர்கூட இல்லை. காலையில் டீக்கடையில் நியூஸ் ஓடினபோதுதான் தெரியும், அதுவும் "யாருப்பா இது, சேலமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அஞ்சு வயசில் கால் மேல் பஸ் ஏறிக் கால் போன பையன், காய்கறி விற்ற அம்மா வளர்த்த பையன் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிந்தது.

டோக்கியோவில், 2021 ஆகஸ்ட் 31 அன்றைக்கு, நாங்கள் தயாராக இருந்தோம். நான் வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவனெல்லாம் எழுந்து வந்துவிட்டான். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. ஓடி வந்து எகிறுகிறவனுக்கு ஈரத்தரை என்றால் என்ன என்று சேற்று வரப்பில் நடந்தவனுக்குத் தெரியும். 1.86 தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். அதை நடுராத்திரி உட்கார்ந்து பார்த்தோம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பார்த்த கூட்டம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தங்கம் வாங்கின அன்றைக்கு நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.


பவுண்டரி (கோவை, கணபதி) | இரவு 9:22

நடராஜனுக்கு அப்புறம் ஏன் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமே வருதுங்க. ஒரே ஒரு டெஸ்ட். 2021 மார்ச்சில் புனேவில் இங்கிலாந்தோடு கடைசி ஓவர் ஞாபகம் இருக்கிறதா? சாம் கரன் நிற்கிறார், 14 ரன் வேண்டும். பந்து நடராஜன் கையில். ஏழு ரன்னில் ஜெயித்தோம். அதற்கப்புறம் அவருக்கு இந்திய அணியில் ஒருநாள் ஆட்டமே இல்லை.


தறிச்சத்தம் | இரவு 9:30

வருத்தம் எனக்கும் உண்டு அண்ணா. ஆனால் அதே வருஷம் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது, அடுத்தடுத்துக் காயம். உடம்பு ஒத்துழைக்காததை யார் தலையில் கட்டுவது? நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் போட்ட மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் புல்தரையில் பையன்கள் பந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் விளையாடின காலத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த காடுதான் மைதானம். தனக்கு வழிகாட்டின ஜெயப்பிரகாஷ் பேரைச் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டு ஆடினவர் அவர். எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதை வைத்து மட்டும் அவரை அளக்க என்னால் முடியாது.


நொய்யல்கரை (திருப்பூர்) | இரவு 10:02

படித்துக்கொண்டே வந்தேன். தறி, ஒர்க்‌ஷாப், பவுண்டரி. நின்றதெல்லாம் ஆம்பளைங்க வேலையாகவே இருக்கிறது. நான் ஒன்று சொல்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிறு லீவு என்பது கம்பெனிக்கு. எங்களுக்கு அன்றைக்குத்தான் வாரத்துத் துணி மொத்தமும் துவைக்கிற நாள், இட்லிக்கு மாவாட்டுகிற நாள், ரேஷன் அரிசி புடைக்கிற நாள்.

நவம்பர் 2, 2025 ஒரு ஞாயிறு. மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நவி மும்பையில். அங்கே மழை பெய்து ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. எனக்கு அதுவரை கிரிக்கெட்டில் ஆர்வம் கிடையாது. வீட்டுக்காரர் பார்ப்பார், ரிமோட் அவர் கையில் இருக்கும், நான் அடுப்பில் இருப்பேன். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை ராத்திரி, ஆஸ்திரேலியாவோடு அரை இறுதியில் 339 ரன்னை விரட்டினார்களே, அந்த ஜெமிமா பெண் 127 எடுத்து நின்றுவிட்டு அழுதது. அப்புறம் மைக் முன்னால், இந்தத் தொடர் முழுக்க மனசு பதறிக்கொண்டே இருந்தது, தினமும் அழுதேன் என்று மறைக்காமல் சொன்னது. லைனில் ஊசி குத்தி ரத்தம் வந்தாலும் சூப்பர்வைசர் பார்க்கும் முன்னால் துடைத்துவிட்டு அடுத்த பீஸை எடுக்கிறவர்கள் நாங்கள். ஒரு பெண் உலகத்துக்கு முன்னால் நின்று 'நான் அழுதேன்' என்று சொன்னது எனக்குள்ளே எங்கேயோ போய்த் தைத்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்துவிட்டேன். எங்களுடையது லைன் வீடு, ஒரே சுவரில் ஆறு வீடு. பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பெண்கள். அவர்களிடம் டிவி இல்லை, "வாங்க அம்மிணி" என்று கூப்பிட்டேன். என் மகளுக்குப் பதினோரு வயசு. வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார், உள்ளே இடமில்லை. இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டே கிடந்தது. துணி சோப்புத் தண்ணியில் கிடந்தது. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அப்படியே கிடந்தது.

ஷஃபாலி 87, தீப்தி 58, நம்ம கணக்கு 298. அந்தத் தென்னாப்பிரிக்கக் கேப்டன் வோல்வார்ட் நூறு அடித்துவிட்டு நிற்கிறாள். எனக்கு அவளையும் பிடித்துவிட்டது, அவ்வளவு நிதானம். அவள் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்து, மறுபடி துள்ளி, கடைசியில் நின்றதே, அந்த நேரம் ஒடிசாப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. இன்னும் அந்த நெளிந்த வளையலைத்தான் போட்டிருக்கிறேன். தீப்திக்கு ஐந்து விக்கெட். கடைசிக் கேட்சை ஹர்மன்பிரீத் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள். 52 ரன்னில் ஜெயித்தோம். 2005லும் 2017லும் இறுதி வரைக்கும் வந்து தோற்றவர்களாம். என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு மாவாட்டினேன். வீட்டுக்காரர் துணி அலசினார். நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். மறுநாள் எட்டரைக்கு எல்லாரும் கம்பெனியில் இருந்தோம்.


முட்டைவண்டி (நாமக்கல்) | இரவு 10:25

நொய்யல்கரை அக்கா, கண் கலங்கிவிட்டது.

என்னுடையது விளையாட்டு இல்லைங்க. 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம். சந்திரயான்-3. கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். முட்டை லோடு என்பது பாதியில் விடக்கூடிய காரியம் இல்லை. அட்டைக்கு முப்பது முட்டை, அட்டை மேல் அட்டையாகக் கைமாற்றிக் கைமாற்றிப் போகும். ஒருத்தன் நின்றால் வரிசையே நிற்கணும். அன்றைக்கு வரிசையே நின்றது. ஆளாளுக்குக் கையில் ஒரு கட்டு அட்டை, கண் மட்டும் டிரைவர் போனில். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிஷம் கையிலிருந்த அட்டையைக் கீழே வைக்கணும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு அது சும்மா ராக்கெட் இல்லை. நிலாவின் மேட்டுநிலத்தில் இருக்கிற அனார்த்தசைட் என்கிற பாறை எங்க மாவட்டத்தில் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிறது. அதை அரைத்துத் தூளாக்கி, பெங்களூரில் நிலாத்தரை மாதிரியே பரப்பி, அதன் மேல்தான் இறக்கியும் ஓட்டியும் பழகினார்கள். எங்க பண்ணையில் வேலை செய்கிற ஒரு பெரியவருக்குச் சொந்த ஊர் சித்தம்பூண்டிப் பக்கம். ஆட்டுக்குத் தழை கிடைக்காத, உழவுக்கு ஆகாத கரட்டு நிலம் என்றுதான் அவர் அதை ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். லேண்டர் இறங்கினதும் எங்களை ஒவ்வொருத்தராகத் தொட்டு, "எங்க ஊரு மண்ணு மேல இறங்கிப் பழகினதுதான் சாமி அது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இன்னொன்றும் சொல்லணும். பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டனில் வெள்ளி வாங்கின துளசிமதி எங்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த பெண். சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கமானாலும் எங்க பிள்ளையாகத்தான் பார்த்தோம்.


கொடிவேரி (கோபி) | இரவு 10:41

சீரியலைச் சொன்னால் குறைவாக நினைக்கமாட்டீர்களே? எங்க அம்முச்சி, அம்மாவைப் பெத்த பாட்டி, 'எதிர்நீச்சல்' விடாமல் பார்ப்பாள். அதில் ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களைப் போட்டு மிதிக்கிற மிதியைப் பார்த்து, தினமும் டிவியைக் கைநீட்டித் திட்டுவாள். பேர்தான் குணசேகரன், திட்டினது எங்க அப்புச்சியை, அவள் புருசனை, என்று எங்க அம்மா சொல்லும். அப்புச்சி போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. இருந்த காலத்தில் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலையில் அந்தக் குணசேகரனாக நடித்த மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்துவிட்டார் என்று நியூஸ் வந்தது. அம்முச்சி அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பால் கறக்கிற நேரம் தாண்டி மாடு கத்துகிறது, எழுந்திருக்கவே இல்லை. சொசைட்டிக்கு அன்றைக்குப் பால் போகவில்லை. "அந்த மனுசன் நல்லா நடிச்சதாலதான நானு வாயத் தொறந்து திட்டினேன்" என்றாள். அதுக்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.


மஞ்சள்மண்டி (ஈரோடு) | இரவு 11:10

தம்பி பத்து வருஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார். என்னுடையது அதற்கு முந்தினது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் காலனி. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் டிவி இருந்தது ஒரே ஒரு பண்ணையத்து வீட்டில். வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒளியும் ஒலியும்' போடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் உள்ளே திண்ணை வரைக்கும் போவார்கள். நாங்கள் வெளியே ஜன்னலுக்குக் கீழே. கம்பிக்கு ஒருத்தன் என்று பிடித்துக்கொண்டு நிற்போம். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நனைந்துகொண்டே பாட்டை மட்டும் கேட்போம். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவரவில்லை. அந்த வீட்டு அம்மா ஜன்னல் வழியாகவே முறுக்குக் கொடுக்கும். அந்த ஜன்னல் அங்கே இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

2006க்கு அப்புறம் அரசு கலர் டிவி கொடுத்தது. எங்க அம்மா பெட்டியைப் பிரிக்கக்கூட விடாமல் ரெண்டு நாள் அப்படியே வைத்துப் பார்த்தாள். அதைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேசட்டும். எங்க தெருவில் அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவி பார்க்கவில்லை. நீங்கள் எல்லாரும் சொல்கிற அந்த நொடிகளை நானும் என் வீட்டில் உட்கார்ந்து, கால் நீட்டித்தான் பார்த்தேன்.


தறிச்சத்தம் | இரவு 11:18

அய்யா, பத்து வருஷக் கணக்கை நான் எடுத்துவிடுகிறேன்.


பவுண்டரி | இரவு 11:31

2017 ஜனவரி, வ.உ.சி. மைதானத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். உலையில் இரும்பு உருகிவிட்டால் ஊற்றித்தான் ஆகணும், நிறுத்த முடியாது. அதனால் ஷிப்ட் முடிந்து கரிக்கையோடு போனேன். ஜல்லிக்கட்டு நம்ம பக்கத்து வழக்கம் கிடையாது, நமக்கு ரேக்ளா வண்டிப் பந்தயம்தான். ஆனால் காங்கேயம் காளை நம்மளது. பனியில் பெண்பிள்ளைகள் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆயிரக்கணக்கில் செல்போன் வெளிச்சம். மறுநாள் எங்க அம்மா டிவியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "அதுல உன்னுது எது?" என்று கேட்டாள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்ன அன்றைக்கு அவள் இல்லை.


அமராவதி (உடுமலை) | இரவு 11:58

எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எல்லாரும் பெருமையான நொடியாகச் சொல்லியிருக்கிறீர்கள். தறிச்சத்தம் அண்ணன் 'வேறு எதுவாகவும் இருக்கலாம்' என்றதால் எழுதுகிறேன்.

2016 மார்ச் 13. அதுவும் ஞாயிறுதான். எங்க களத்தில் கொப்பரையைக் கூட்டி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டைக் காட்டினார்கள். நான் தினமும் காலேஜுக்குப் பஸ் ஏறின இடம். கேமராவில் பதிந்த படம், சத்தமில்லாத படம். சாதி மாறிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பையனையும் பெண்ணையும் பட்டப்பகலில் வெட்டுகிறார்கள். சுற்றி அத்தனை ஜனம் நிற்கிறது. வெட்டினவர்கள் அவசரமே இல்லாமல் வண்டியில் ஏறிப் போகிறார்கள். பையன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், இறந்துபோனான். பெண் பிழைத்தாள்.

மூட்டை பிடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கொப்பரை பாதி சாக்கில், பாதி தரையில். எங்க அப்பா டிவியை அணைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பெத்த அப்பனைப் பார்த்து அப்படி ஒரு சந்தேகம் வருவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? அப்போது என் தங்கச்சி ஒரு பையனை விரும்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.


(பெயரில்லாதவர்) | இரவு 12:07

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பேச்சில் இது எதற்கு? கொங்கு என்றாலே இதைத்தான் எடுப்பீர்களா?


மஞ்சள்மண்டி | இரவு 12:12

அந்தப் பிள்ளை கொங்கைப் பற்றிச் சொல்லவில்லைங்க. தன் வீட்டுக் களத்தைப் பற்றிச் சொல்கிறது. அது பேசி முடிக்கட்டும்.


தறிச்சத்தம் | இரவு 12:15

ஆமாங்க. நான் கேட்டது வேலை நின்ற நொடி. இங்கே இதுவரை எழுதினதில் கை தானாக நின்றுபோனது அவர்களுக்குத்தான். எழுதுங்க அக்கா.


அமராவதி | இரவு 12:40

நன்றிங்க. மிச்சம் கொஞ்சம்தான். தங்கச்சி 2022இல் அந்தப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அப்பா ரெண்டு வருஷம் பேசவில்லை. பேத்தி பிறந்து ஐந்தாம் மாசம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாக்கு இளநீரோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு டிவிய அணைச்சது, உன் தங்கச்சி பார்த்துப் பயந்துருவான்னுதான் கண்ணு." அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எட்டு வருஷம் அந்த ஆளை நான் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


கும்மிக்காரி (அன்னூர்) | காலை 6:10

ராத்திரி ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வந்து முழுசும் படித்தேன். அமராவதி அக்காவுக்காகவே எழுதுகிறேன்.

நான் வள்ளி கும்மி ஆடுகிறேன். 2024 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்மஸ்ரீ பட்டியலில் நம்ம மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் அய்யா பேரைப் படித்தார்கள். 87 வயசு. முன்னெல்லாம் ஆம்பளைகள்தான் ஆடுவார்களாம். பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து ஆடவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் அடவு பழகிக்கொண்டிருந்தோம். யாரோ போனைப் பார்த்துக் கத்தினார்கள், வாத்தியார் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். பாட்டை அவர் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நாங்கள் ஆடுவது என்ன கதை என்று யோசித்திருக்கிறீர்களா அக்கா? வள்ளி குறவர் வீட்டுப் பெண். தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். நம்பிராஜன் வீட்டு ஆட்கள் வில்லோடு துரத்துகிறார்கள். கடைசியில் கல்யாணம். விடிய விடிய ஊரே உட்கார்ந்து கேட்டுவிட்டு, கல்யாணப் பாட்டு வரும்போது பாட்டிகள் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள்.


அமராவதி | காலை 7:25

கதை தெரியும் கண்ணு. ஆனால் நான் பார்த்த ஒரு மேடையில் ஆட்டம் முடிந்ததும், சொந்தச் சாதியில்தான் கட்டுவோம் என்று ஆடின பெண்பிள்ளைகளிடமே சத்தியம் வாங்கினார்கள். அப்போதே எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் கும்மி என்றால் அந்தப் பக்கமே போவதில்லை.


கும்மிக்காரி | காலை 7:50

அப்படி நடந்ததை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன் அக்கா. இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு அது வயிற்றெரிச்சல். வள்ளியைப் பாடின வாயால் அதைச் சொல்லவைப்பது அந்தப் பாட்டுக்கே செய்கிற துரோகம்.

எங்கள் குழுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாற்பத்திரண்டு பேர். காலனிப் பெண்கள் ரெண்டு பேர் சேர வந்தபோது மூன்று வீட்டில் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். வாத்தியார் வீடு வீடாகப் போனார். மூன்று மாசம் ஆனது. ரெண்டு வீடு வந்தார்கள், ஒரு வீடு இன்னும் வரவில்லை. அந்த ரெண்டு பெண்களும் இப்போது முன் வரிசை. ஒருத்தி காலை மாற்றி வைக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் அடி பிடிக்கிறோம்.

நீங்கள் ஒரு தடவை வரணும்.


நொய்யல்கரை | காலை 8:15

கம்பெனி வாசலில் நின்று எழுதுகிறேன், பெல் அடிக்கப்போகிறது. நானும் வருகிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு. ஒடிசாப் பெண்களும் வருவார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அதை எந்த டிவி முன்னாலும் கூட்டம் கூடிப் பார்க்கவில்லை, ஆனால் இந்த மாதிரி 'நானும் வருகிறேன்' என்று வீட்டில் காசு கேட்காமல் சொல்ல முடிகிறது. எங்கே, எத்தனை மணிக்கு?


கும்மிக்காரி | காலை 8:22

வர்ற ஞாயிறு சாயங்காலம் ஆறரை. மாரியம்மன் கோயில் முன்னால், பஸ் இறங்கினால் மேளச் சத்தமே வழி காட்டிவிடும். புது ஆட்கள் அரங்கேற்றம், பச்சைச் சேலையில் இருப்போம். முடிய ராத்திரி பத்து ஆகும், கடைசி பஸ் பத்தேகாலுக்கு.


அமராவதி | காலை 9:03

தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்பாவிடமும் கேட்டேன். "களத்துல கொப்பரை கிடக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மழை வந்தால் மூட ஆள் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார்.